வயிறு காட்டும் பூனையும் நீளும் கையும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் பூனை மீது சொல்லப்படும் முறைப்பாடுகளில் முதலாவது களவு. அடுத்தது இது: "தானா வந்து காலடியில புரண்டு வயித்தைக் காட்டினது. தடவுவம் எண்டு கை வைச்சன். நாலு காலாலையும் கட்டிப்பிடிச்சு விறாண்டிப் போட்டுது. நம்பேலாத சீவன்."

சொல்வது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தீர்ப்புச் சொல்வது வீட்டிலுள்ள பெரியவர். சில வீடுகளில் அந்தத் தீர்ப்பு உரப்பையில் போய் முடிகிறது. பூனையைப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் மீன்சந்தையடியிலோ கோயிலடியிலோ அவிழ்த்து விட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு கணநேரச் செய்கையை மனிதர் பிழையாக விளங்கிக்கொண்டதற்கு அந்த விலங்கு வீட்டையே இழக்கிறது. ஆகவே பூனை ஏன் வயிற்றைக் காட்டுகிறது, காட்டியபின் ஏன் நகத்தை நீட்டுகிறது என்பதை ஆறுதலாக நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நம்மிடையே மூன்று விளக்கங்கள் உலவுகின்றன. பூனை பணிந்து சரணடைகிறது என்பது ஒன்று. நம்மை முழுமையாக நம்பித் தடவச் சொல்லி அழைக்கிறது என்பது இன்னொன்று. கடிபட்டவர்கள் சொல்வது மூன்றாவது: வயிறு வெறும் பொறி, கையை இழுத்துப் பிடிப்பதற்கான தந்திரம். மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்று இரவல் வாங்கியது, ஒன்று பாதி சரி, ஒன்று முழுப் பிழை.

சரணாகதி விளக்கம் நாயிடமிருந்து இரவல் வாங்கியது. ஒழுங்கையில் பெரிய நாயின் முன்னே இளநாய் மல்லாந்து, வாலைக் கவட்டுக்குள் செருகி, சிலவேளை சொட்டு மூத்திரமும் விட்டுக் கிடப்பதை எல்லோரும் கண்டிருப்போம். ஓநாய், நாய் ஆகியவற்றின் பணிவுச் செயல்களை 1967 இல் வகுத்தெழுதிய ருடொல்ஃப் ஷெங்கல் இந்தக் கிடையைச் செயலற்ற பணிவு என்றார். கூட்டமாக வேட்டையாடி, சண்டைபிடித்த மறுநாளும் அதே கூட்டத்தில் வாழவேண்டிய விலங்குக்கு அப்படியொரு சைகை தேவை. நாயில்கூட இதை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடும்போது நாய்கள் மல்லாந்தது எதிராளியின் கடியைத் தவிர்க்கவும் திருப்பிக் கடிக்க இடம் பிடிக்கவுமே என்று கண்டார்கள்.

பூனை வந்த வழி வேறு. 2007 இல் கார்லோஸ் டிரிஸ்கலும் அவரோடு சேர்ந்தவர்களும் மரபணுக்களை ஒப்பிட்டு, உலகத்து வீட்டுப் பூனைகளின் மூலம் மேற்காசியக் காட்டுப்பூனை என்று காட்டினார்கள். சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழியொன்றில் மனிதருக்குப் பக்கத்தில் பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அத்தனை காலம் நம்மோடு இருந்தும் அது தனியாகவே இரை தேடும் விலங்கு. தோற்ற பூனை மதிலேறி ஓடிவிடலாம். வென்றவனோடு சேர்ந்து மறுநாள் வேட்டைக்குப் போகவேண்டிய கடமை அதற்கில்லை. நாயைப் போலப் பணிந்து கிடக்கும் சைகை அதனிடம் வளராததற்கு இது போதுமான காரணம்.

ஆனால் "பூனைக்குப் பணிவே தெரியாது" என்று அடித்துச் சொல்பவர்களையும் ஒரு சான்று தடுக்கிறது. பாதி காட்டுத்தனமாக வாழ்ந்த பூனைகளை அவதானித்து ஹிலாரி ஃபெல்ட்மன் 1994 இல் வெளியிட்ட ஆய்வில் இளங் கடுவன்கள் முதிர்ந்த கடுவன்களின் முன்னால் புரண்டன. பெட்டைகள் பெரும்பாலும் முதிர்ந்த கடுவன்களின் முன்னிலையிலேயே புரண்டன. இளங் கடுவனின் புரளலைப் பணிவென்று படிப்பதே பொருத்தம் என்று அவர் முடித்தார். இந்தச் சான்றை நான் ஒதுக்க மாட்டேன். ஆயினும் அது சரணாகதி விளக்கத்துக்குச் செய்யும் உதவி சிறிது. அந்தப் புரளலால் இளங் கடுவனுக்குக் கிடைப்பது சண்டையில்லாத இடைவெளி. கிட்ட வந்து என் வயிற்றைத் தொடு என்ற கோரிக்கை அதில் எங்குமில்லை.

இனி நகத்துக்கு வருவோம். இரவில் மதிலின் மேலே இரண்டு கடுவன்கள் எதிரெதிரே நின்று அடித்தொண்டையில் முனகத் தொடங்கினால் நித்திரை போய்விடும். அதை எழும்பிப் பார்ப்பவர்கள் அரிது. பார்த்தால் விளங்கும். நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது. தலையை ஒருபக்கம் சரித்து, அங்குலம் அங்குலமாகக் கிட்ட வரும். பிறகு ஒன்று பாயும். பாய்கிற பூனை குறிவைப்பது மற்றதின் பிடரியை. எலியையும் அங்கேதான் கடித்துக் கொல்கிறது. ஜேர்மன் விலங்கியலாளர் பவுல் லைஹௌசன் பூனைச் சண்டைகளைப் பல்லாண்டு அவதானித்து இதை எழுதினார். தாக்கப்பட்ட பூனை அந்தக் கணத்தில் தன்னைத் தானே மல்லாத்திக்கொள்ளும். பிடரி நிலத்தோடு ஒட்டிப் பாதுகாப்பாகிவிடும். முன்காலில் ஐந்தைந்தும் பின்காலில் நந்நான்குமாக 18 நகங்களும், நான்கு கோரைப் பற்களும் ஒரே நேரத்தில் எதிரியின் பக்கம் திரும்பும். முன்கால்கள் எதிரியைக் கட்டிப்பிடிக்க, பின்கால்கள் மாறிமாறி உதைத்து அதன் வயிற்றைக் கிழிக்கப் பார்க்கும். மேலே நிற்கும் பூனைக்குத்தான் அப்போது ஆபத்து அதிகம்.

விறாந்தையில் கையைக் கொடுத்த பிள்ளைக்கு நடந்ததும் இந்த வரிசைதான். பூனை மல்லாந்திருக்கிறது. மேலிருந்து ஒரு கை இறங்குகிறது. விலா எலும்பு காவல் செய்யாத மென்மையான இடத்தில் தொடுகை படுகிறது. முன்கால்கள் மணிக்கட்டைக் கட்டிப்பிடிக்கின்றன, பின்கால்கள் முழங்கைப் பக்கமாக உதைக்கின்றன, வாய் பெருவிரலடியைக் கவ்வுகிறது. பிள்ளை கையை இழுத்தால் பிடி இன்னும் இறுகும், நகம் இன்னும் ஆழமாகக் கீறும். இழுக்காமல் கையைத் துவள விட்டால் பெரும்பாலான பூனைகள் சில நொடிகளில் விட்டுவிடும்.

இந்த எதிர்வினை மூளையின் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பது கடந்த நூற்றாண்டிலேயே காட்டப்பட்டது. சுவிஸ் உடலியலாளர் வால்ட்டர் ருடொல்ஃப் ஹெஸ், விழித்திருக்கும் பூனையின் மூளையடியில் மெல்லிய மின்வாயைச் செருகிச் சிறு மின்சாரம் செலுத்தினார். அமைதியாக இருந்த பூனை சீறியது, மயிர் சிலிர்த்தது, காது படிந்தது, நகம் வெளிவந்தது. மின்சாரம் நின்றதும் அடங்கியது. 1949 இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பூனைகள் பட்டதை நினைக்க எனக்கு மனம் வருந்தும். ஆனால் அவை விட்டுச்சென்ற அறிவை ஒதுக்குவது அவற்றுக்குச் செய்யும் மரியாதையாகாது. 1962 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வாஸ்மன், ஃபிளின் இருவரும் இன்னொரு படி போனார்கள். மூளையடியின் ஒரு பகுதியைத் தூண்டினால் பூனை சத்தமில்லாமல் எலியைத் தேடிப் போய்க் கடித்தது. இன்னொரு பகுதியைத் தூண்டினால் சீறி, நகத்தால் அறைந்தது. வேட்டைக்கு ஒரு பாதை, தற்காப்புக்கு வேறொரு பாதை.

மூன்றாவது விளக்கம், அதாவது பொறி என்ற குற்றச்சாட்டு, இந்த இடத்தில் விழுகிறது. பொறி வைப்பது வேட்டைக்காரரின் வேலை. வேட்டையாடும் பூனை வயிற்றை நிலத்தோடு ஒட்டவைத்து, காதை முன்னே நீட்டி, சத்தமில்லாமல் காத்திருக்கும். மல்லாந்து கிடந்து எலியை அழைக்கும் பூனையை யாரும் கண்டதில்லை. விறாண்டிய பூனையின் காது பின்னால் படிந்திருந்தது, கண்மணி விரிந்திருந்தது என்றால் அது இயங்கியது தற்காப்புப் பாதையில். அதற்கு முதற்கணம்வரை அது நிம்மதியாகக் கிடந்ததும் உண்மை, அடுத்த கணம் அஞ்சியதும் உண்மை. இரண்டுக்குமிடையே சதி எதுவும் இல்லை.

மிஞ்சுவது நம்பிக்கை விளக்கம். இதைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் மல்லாந்த பூனை எல்லாம் நம்மை நினைத்தா மல்லாந்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் குடாநாட்டுப் பூனை சீமெந்து நிலத்தில் நான்கு காலையும் விரித்துக் கிடக்கிறது. அதற்கு வியர்வை பெரும்பாலும் பாதத்தில் மட்டுமே. மயிர் ஐதான வயிற்றைக் காற்றுக்குக் காட்டுவது சூட்டைக் கழிக்கும் வழி. வேட்கைக் காலத்துப் பெட்டைப் பூனை நிலத்தில் உருண்டு புரண்டு கத்துகிறது. பகல் நீளம் பெரிதாக மாறாத நம்முடைய அகலாங்கில் அந்தக் காலம் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வரும். "வயித்துக் குத்தாக்கும்" என்று ஓமத்தண்ணீர் பருக்கப் பார்ப்பவர்களும் உண்டு. குட்டிகள் மல்லாந்து உதைப்பது விளையாட்டு. 1974 இல் மெரடித் வெஸ்ட் குட்டிகளின் விளையாட்டை எட்டு அசைவுகளாகப் பிரித்தபோது இந்த வயிறு மேலாகக் கிடக்கும் நிலையும் அவற்றில் ஒன்றாக இருந்தது. பெரிய பூனையின் தற்காப்பிலும் இதே கிடையைக் காணலாம்.

இன்னொரு காரணம் நம் வளவிலேயே முளைத்து நிற்கிறது. குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். பூனைவணங்கி என்றும் அதற்குப் பெயருண்டு. சில பூனைகள் ஓடிவந்து வேரை முகர்ந்து, கன்னத்தை உரசி, மல்லாந்து புரண்டு, வேறொன்றும் நினைவில்லாதவை போலக் கிடக்கும். மேலைநாட்டுப் பூனைகளை மயக்கும் கேட்னிப் செடியிலுள்ள பொருளுக்கு நெருங்கிய உறவான இரிடொயிட் சேர்மம் இதன் வேரிலும் உண்டு. யப்பானிய ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டுப் பூனைகளை மயக்கும் இன்னொரு செடியில் புரண்ட பூனைகளை நுளம்பு குறைவாகவே நாடியது. மழைக்காலத்தில் நுளம்போடு மல்லுக்கட்டும் நமக்கு இதைக் கேட்கும்போது பூனையின் புரளலில் ஒரு புதிய மதிப்புத் தோன்றும். எது எப்படியோ, அந்தப் புரளலுக்கும் பக்கத்தில் நிற்கும் மனிதருக்கும் சம்பந்தமில்லை.

இவையெல்லாம் கழிந்தபின், நாம் வேலையால் வந்து படலையைத் திறக்கும்போது வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடிவந்து, நம் பாதத்துக்குச் சற்றுத் தள்ளி விழுந்து புரளும் பூனை மிஞ்சுகிறது. இது வரவேற்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பயந்த பூனை இதைச் செய்யாது. முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் பெரும்பாலும் செய்யாது. நம்பிக்கை விளக்கத்தில் சரியான பாதி இது. பிழையான பாதி, நம்பிக்கையை அனுமதியாகக் கொள்வது. படலையைச் சாத்தாமல் விறாந்தையில் படுத்து உறங்குகிறவர் ஊரை நம்புகிறார். அதற்காக அவருடைய நெஞ்சில் கையை வைத்தால் திடுக்கிட்டு எழும்பி அடிப்பார். அவர் அடித்ததால் அவருடைய நம்பிக்கை பொய்யாகிவிடாது.

பூனையின் உடலில் சரணாகதியைப் படிக்கும் பழக்கம் நமக்குப் பழையது. வைணவத் தென்கலையாரின் மார்ச்சால நியாயத்தில் குட்டி எதையும் பற்றிக்கொள்வதில்லை. தாய் கௌவிச் செல்ல அது துவண்டு கிடக்கிறது, அப்படியே உயிர் இறைவனிடம் கிடக்க வேண்டும் என்பது உவமை. சமயப் பொருளாக அது ஆழமானது. விலங்கைப் பற்றிய சான்றாக எடுத்தால் சறுக்கும். பிடரித் தோல் அழுத்தப்பட்டதும் உடல் துவளுவது நரம்பின் எதிர்வினை. 2008 இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் வளர்ந்த பூனைகளின் பிடரியில் கடதாசிக் கவ்விகளை மாட்டியபோதும் பல பூனைகள் அவ்விதமே அடங்கின. துவண்ட உடலைக் கண்டு மனத்தை முடிவுகட்டக் கூடாது. மல்லாந்த உடலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வயிற்றைத் தடவ விடும் பூனைகளும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. வேறுபாட்டின் பெரும்பகுதி முதல் வாரங்களில் இருக்கிறது. ஐலீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகளிலிருந்து, குட்டியின் இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் மனிதக் கை பழகினால் பிறகு கையை அது எளிதில் ஏற்கும் என்பது தெளிவாயிற்று. நம் ஊர்ப் பூனை எங்கே குட்டி போடுகிறது? விறகுக் கும்பியின் அடியில், கூரைக்கும் சுவருக்கும் இடையில், பூட்டிக் கிடக்கும் அயல்வீட்டில். மணம் பிடித்தால் தாய் இடம் மாற்றும். ஏழு வீடு காட்டும் என்பார்கள். குட்டிகள் தாமாக வெளியே வந்து குசினி வாசலில் எட்டிப் பார்க்கும்போது அந்த ஏழு வாரங்கள் பெரும்பாலும் கழிந்துவிடும். பிறகு சோறும் மீன்தலையும் போட்டு வளர்க்கிறோம். அவை நம்மை அறியும், நம் குரலுக்கு வரும். ஆனால் கையை அவை பிந்திக் கற்ற பாடமாகவே வைத்திருக்கும்.

போர்க்காலத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது மக்களுக்குக் கையிலெடுத்ததே மிச்சம். ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டார்கள், பூனை வீட்டோடு நின்றது. அடுத்த ஆண்டு திரும்பும்வரை அந்த வீடுகளில் பிறந்த குட்டிகளுக்கு மனிதக் கை என்று ஒன்று இருக்கவில்லை. வலிகாமம் வடக்கில் 1990 இலிருந்து பல்லாண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காணிகளிலும் அப்படித்தான். திரும்பி வந்தவர்களின் அடுப்படிக்கு அந்தப் பூனைகள் தாமாகவே மறுபடி வந்தன. தூரத்தில் நின்று சோறு தின்று, மெல்ல மெல்ல விறாந்தைவரை வந்த விலங்கு தன் வயிற்றைக் காட்டிப் படுத்தது. அவ்வளவு தூரம் அது வந்ததே பெரிது. அதற்கு மேலும் வயிற்றைத் தடவ விடவேண்டும் என்று கேட்பது மனிதரின் பேராசை.

"எனக்குப் பூனையைப் பற்றித் தெரியும்" என்பவர்களிடமும் ஒரு சான்றை வைக்க வேண்டும். லண்டன் பற்றர்சீ காப்பகத்துப் பூனைகளோடு ஏறத்தாழ 120 பேரைப் பழகவிட்டு லோரன் ஃபின்காவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 2022 இல் வெளியானது. பூனையறிவும் அனுபவமும் அதிகம் என்று தம்மைத் தாமே மதிப்பிட்டவர்கள்தாம், பூனை விரும்பாத வயிற்றையும் வாலடியையும் அதிகமாகத் தொட்டார்கள். நெடுங்காலம் பூனையோடு வாழ்ந்தவர்கள் அதை அதன் போக்கில் விடுவதும் குறைவாக இருந்தது. வளர்த்த பழக்கம் வேறு, கவனித்த அறிவு வேறு. நம் வீடுகளில் பிள்ளைக்குப் பூனையைத் தூக்கிக் கொடுத்து "தடவு, ஒண்டும் செய்யாது" என்கிறவரும் பெரும்பாலும் அனுபவசாலியாகவே இருக்கிறார்.

பூனை பெரும்பாலும் எச்சரிக்காமல் கடிப்பதில்லை. கை கிட்டப் போகும்போது வால்நுனி துடிக்கும். முதுகுத் தோல் ஒரு அலையாய்ச் சிலிர்க்கும். காது பக்கவாட்டில் திரும்பும். குர்ரென்ற இன்பச் சத்தம் நின்றுபோகும். பின்கால்கள் வயிற்றை நோக்கி மடங்கி எழும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கையை எடுத்துவிட வேண்டும். தொட விரும்பினால் விரலைச் சற்றுத் தள்ளி நீட்டிக்கொண்டிருங்கள். பூனை வந்து கன்னத்தை உரசினால் கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களோடு நிறுத்துங்கள்.

கடித்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் செய்யவேண்டியது உண்டு. பூனையின் பல் ஊசியைப் போலக் கூர்மை. மேலே சின்னத் துளையாகத் தெரிந்தாலும் கிருமியை ஆழத்தில் இறக்கிவிடும், கை வீங்கி வரும். விசர் நோய் இலங்கையில் இன்னும் ஒழியவில்லை, பூனையாலும் அது தொற்றும். கோப்பித்தூளையும் மஞ்சளையும் அப்பாமல், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தோல் கிழிந்த கடியும் கீறலும் சிறிதானாலும் வைத்தியரே முடிவெடுக்கட்டும். தடுப்பூசிக்கு அங்கே காசில்லை. பூனைக்கும் விசர்த் தடுப்பூசி உண்டு, அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள். கடித்த பூனையை உரப்பையில் கட்டி அகற்றுவது மருத்துவக் கணக்கிலும் மோசமான முடிவு. பத்து நாள் கண்முன்னே வைத்துப் பார்த்தால் அதற்கு விசர் இருந்ததா என்று தெரிந்துவிடும். சந்தையடியில் விட்டுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

என் முடிவு இது. வயிறு காட்டும் பூனை சரணடையவில்லை. பெரும்பாலான வேளைகளில் அது நம்மைப் பற்றி எதுவும் சொல்லவும் இல்லை. சொல்லும் வேளையில், உன் பக்கத்தில் எனக்குப் பயமில்லை என்று மட்டும் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டுக் கையை மடக்கி வைத்திருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். விறாண்டியதற்காக ஒரு பூனையை வீட்டிலிருந்து அகற்ற நினைப்பவர்கள், அன்று முதலில் அசைந்தது எது, பூனையா கையா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பையை எடுக்கட்டும்.